மிஞ்சின சோறு

வாகரைக்கு அப்பால், காடு
04.03.1996

அன்புள்ள கனகத்துக்கு,

நீயும் நிருஜாவும் அந்தக் குளிரில் விறைக்காமல் இருக்கக் கண்ணகை அம்மன் துணை நிற்கட்டும். நான் இங்கே வியர்வையில் ஊறிக்கொண்டு சுகமாக இருக்கிறேன்.

சுகம் கேட்டாயிற்று. இனி வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். வாசித்துவிட்டுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அன்ரனெற்றிடம் ஓடவேண்டாம். நான் இப்போது சமையற்காரன்.

ஓம், சரியாகத்தான் வாசித்தாய். இருபத்திரண்டு வருடமாக உன் குசினிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் நுழைந்த பஸ் கொண்டக்டர் குஞ்சித்தம்பி, இயக்கப் பெடியள் கிட்டத்தட்ட நூறு பேருக்குச் சோறு காய்ச்சுகிறேன். நேற்றைய பருப்பை வாகீசன் என்றொரு பெடியன் அகப்பையால் அள்ளிப் பார்த்தான். "ஐயா, இதைப் பங்கருக்குப் பூசலாமா?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

நடந்தது இதுதான். லக்ஷனைக் கூட்டிக்கொண்டு போக முகாமுக்கு வந்தேன். பொறுப்பாளர் அகஸ்ரின், இருபத்தைந்து வயது இருக்கும், மீசை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. "ஐயா, தகப்பன் வந்து கேட்டவுடனே விட ஏலாது. லீவுக் கடிதம் எழுத இது பள்ளிக்கூடம் இல்லை" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாங்கள் வன்னிக்கு நடக்கப்போறம். சமையற்காரனுக்கு மலேரியா. உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கண்ணகை அம்மன் சடங்குக்கு முழு ஊருக்கும் பொங்கினவன் நான்" என்றேன். பொங்கினது உன் அண்ணன். நான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து ஊர்வம்பு பேசினவன். அம்மன் மன்னிக்கட்டும்.

லக்ஷன் இந்த அணியில்தான் இருக்கிறான். மெலிந்துவிட்டான், கறுத்துவிட்டான், மற்றும்படி உன் மூக்கு அப்படியே இருக்கிறது. அகஸ்ரின் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்: நடை முடியும்வரை அவன் எனக்கு மகனில்லை, நான் அவனுக்குச் சமையல் ஐயா. மற்றப் பெடியளுக்குத் தகப்பன் இல்லாத இடத்தில் ஒருத்தனுக்கு மட்டும் இருக்கக்கூடாதாம். சரி என்றுவிட்டேன். வன்னிக்குப் போய்ப் பெரிய ஆட்களிடம் கேட்டு, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். அவன் இல்லாமல் நான் பிளேன் ஏறமாட்டேன். இது சத்தியம்.

அவசரமாக ஒன்று எழுது: பெரிய கிடாரத்தில் சோறு குழையாமல் இறக்குவது எப்படி? என் அக்கா வீட்டுக்குப் போடு. தோளில் சாமான் காவி வரும் தியாகலிங்கம் என்னிடம் சேர்ப்பிப்பார்.

உன்,
குஞ்சித்தம்பி


சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
11.04.1996

லக்ஷன் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கட பிரஷர் குளிசையைக் காட்டுக்குள்ளும் போடுகிறீர்களா என்று அறிய ஆசை.

கடிதம் நேற்றுக் கிடைத்தது. லிப்ற் உடைந்து மூன்றாம் நாள். பதினேழு மாடியும் அரிசி மூட்டையோடு ஏறி வந்து, படியிலேயே குந்தியிருந்து வாசித்தேன். அன்ரனெற் பார்த்துவிட்டு, "என்னக்கா, சிரிக்கிறீங்களா அழுறீங்களா?" என்று கேட்டாள். மேல்மூச்சு வாங்குகிறது என்றேன்.

கிடாரத்துச் சோறு: முதலில் தண்ணீரைக் கொதிக்க விடுங்கோ. அரிசியைப் பிறகு போடுங்கோ. விரலை விட்டு அளக்கிற வேலை வேண்டாம், அது வீட்டுப் பானைக்கு. முக்கால் வெந்ததும் கஞ்சியை வடியுங்கோ, அடியில் இருக்கிற கொள்ளியை இழுத்துவிடுங்கோ, தணலை மூடிக்கு மேலே போடுங்கோ. பிறகு தொடவேண்டாம். உங்களுக்கு எதையும் தொடாமல் இருக்க ஏலாது, அதுதான் சோறு குழையுது. பருப்புக்கு உப்பைக் கடைசியில் போடுங்கோ. முதலே போட்டால் வேகாது. பிறகு பங்கருக்குத்தான் பூசவேணும்.

நான் மஃபின் பக்டரியில்தான் இன்னும் நிற்கிறேன். பெல்ற்றில் வருவதைப் பெட்டிக்குள் அடுக்குகிற வேலை. சுப்பவைசர் கிரேக்க மனிசி, நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறாள், நான் திட்டினாலும் சிரிக்கிறாள். ஏப்ரல் ஆகியும் பனி கொட்டுகிறது.

லக்ஷனைப் பற்றி நீங்கள் எழுதியதை நிருஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னாள். திரும்ப வாசித்தேன்.

நீங்கள் கவனம். சத்தியம் ஒன்றும் பண்ணவேண்டாம்.

கனகாம்பிகை

அப்பா, நிருஜா எழுதுறன். அண்ணாவை ஒரு லைன் எழுதச் சொல்லுங்கோ. தமிழ் மறந்திட்டா இங்கிலிஷ்ல எழுதலாம், ஐ டோன்ட் மைன்ட்.


காடு, எந்தக் காடென்று சொல்லத் தடை
22.05.1996

அன்புள்ள கனகத்துக்கு,

பதினேழு மாடி ஏறின உன் கால் எப்படி இருக்கிறது? என் காலைப் பற்றிக் கேட்டால், இரண்டு இருக்கிறது, அதுவே பெரிய காரியம்.

உன் முறைப்படி சமைத்தேன். சோறு தனித்தனியாக நின்றது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல. பெடியள் கைதட்டவில்லை, சத்தம் போடத் தடை. ஆனால் வாகீசன் வந்து என் கையைக் குலுக்கினான். "ஐயா, இண்டைக்கு நீங்கள் சமைக்கேல்லைத்தானே?" என்றான்.

நடையைப் பற்றிக் கேள். கிடாரத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால், முன்னுக்குப் போகிறவனின் குதிக்கால் மட்டும்தான் தெரியும். இந்த இரண்டு மாதமாக மனிசர் முகத்தைவிடக் குதிக்காலைத்தான் கூடப் பார்த்திருக்கிறேன். சாத்திரி கையைப் பார்த்துச் சொல்லுவான், நான் குதிக்காலைப் பார்த்துச் சொல்லுவேன்: ஆருக்குக் காய்ச்சல் வரப்போகுது, ஆர் நாளைக்கு நொண்டுவான், ஆர் வீட்டை நினைத்துக்கொண்டு நடக்கிறான். வீட்டை நினைக்கிறவன் காலைத் தூக்கி வைக்கமாட்டான், இழுப்பான். செருப்பு அறுந்தால் காட்டுக்கொடியால் கட்டுவார்கள். கொடியும் அறுந்தால் சாக்கு. சாக்கும் போனால் அகஸ்ரின் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு முன்னுக்கு நடப்பார். அவருடைய குதிக்காலை மட்டும் நான் பார்ப்பதில்லை.

பகலில் புகை தெரிந்தால் ஹெலி வரும். இருட்டில் நெருப்புத் தெரிந்தால் ஷெல் வரும். இரண்டுக்கும் நடுவில் மம்மல் பொழுதில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது, அதற்குள் அவ்வளவு பேருக்கும் காய்ச்சி இறக்கவேண்டும். தண்ணீர் யானை கலக்கிவிட்டுப் போன குட்டையில் எடுத்தது, நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் வடித்தது. சாரத்தின் எந்தப் பக்கத்தால் வடித்தேன் என்று ஒருத்தரும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மம்மல் ஆனதும் அகஸ்ரின் வந்து, "ஐயா, இண்டைக்கு இத்தனை பேர்" என்று கணக்குச் சொல்லுவார். காய்ச்சலில் கிடக்கிறவர்கள், முன்னுக்குப் பாதை பார்க்கப் போனவர்கள் எல்லாரையும் கழித்துவிட்டுச் சொல்லுவார். அந்தக் கணக்குக்கு அரிசி போடுவேன்.

லக்ஷன் வடிவாகச் சாப்பிடுகிறான். ஆட்கள் விட்டுவிட்டு ஓடின ஒரு தோட்டத்தில் கத்தரிக்காய் பிடுங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டுதரம் வாங்கித் தின்றான். கடிதம் எழுதச் சொன்னேன். துவக்குக்கு எண்ணெய் பூசின கை, தாள் அழுக்காகும் என்கிறான். தங்கச்சிக்குச் சொல்லு.

அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு முடிக்கிறேன்.

குஞ்சித்தம்பி


ரொறன்ரோ
28.06.1996

லக்ஷன் அப்பாவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அட்டைக்கு வேப்பெண்ணெய் பூசுங்கோ, கிடைத்தால்.

இங்கே வெயில் வந்துவிட்டது. வெயிலென்றால் சனத்துக்குப் பைத்தியம். பூங்காவில் பாதி உடுப்போடு படுத்துக் கிடக்கிறார்கள். அன்ரனெற்றின் மனிசன் அமிர்தநாதர் கார் ஓட்டப் பழகுகிறார். முதல் நாளே ஒரு தபால்பெட்டியில் இடித்துவிட்டார். பொலிஸ் வந்து கேட்க, "அது என்னை நோக்கித்தான் வந்தது" என்று சொன்னாராம், தமிழில். உங்கட சாதிதான்.

கோடை மலிவில் உங்களுக்கு ஒரு விண்டர் கோட் வாங்கி வைத்திருக்கிறேன். நாவல் நிறம். உங்களுக்குப் பிடிக்காது, ஆனால் போடுவீர்கள்.

கத்தரிக்காய் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் தின்றுவிட்டு உதடு வீங்கி, நீங்கள்தான் பஸ்சை நிற்பாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினீர்கள். மறந்துபோனீர்களாக்கும். பரவாயில்லை. பசி எல்லாத்தையும் மாற்றும்.

கடிதம் எழுதச் சொல்லி அவனைக் கரைச்சல் படுத்தவேண்டாம். நிருஜாவுக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதுகிறதே எங்களுக்குக் காணும்.

நீங்கள் எப்போது வெளியில் வருவீர்கள்? வன்னி மட்டும் போகத்தான் வேணுமா? இடையில் விலகிவர ஏலாதா? சமையற்காரன்தானே, உங்களைப் பிடித்து வைக்கமாட்டார்கள்.

கனகாம்பிகை


02.08.1996

கனகம்,

நீங்கள் இரண்டுபேரும் சுகமாக இருக்கவேண்டும்.

ஒரு றோட்டைக் கடந்தோம். ஆமி றோட்டு. ஒருத்தருக்குப் பின் ஒருத்தராக ஓடவேண்டும், கடைசி ஆள் மரக்குழையால் மண்ணைக் கூட்டிக் காலடியை அழித்துக்கொண்டு வரவேண்டும். சோறு முதலில் கடக்கட்டும் என்று என்னை முன்பாதியோடு விட்டார்கள். நான் கிடாரத்தோடு ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருந்தால் விவாகரத்துக் கேட்டிருப்பாய். சாரம் அவிழ்ந்து ஒரு கையில், கிடாரம் மற்றக் கையில். இந்தக் கரையில் கிடந்த பெடியள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பின்பாதி கடக்கும்போது சுட்டார்கள்.

எங்களை ஓடச் சொன்ன இடத்துக்கு ஓடினோம். மம்மலானது. அகஸ்ரின் கணக்குச் சொல்ல வரவில்லை. பசியோடு வருவார்கள்தானே என்று முந்தின நாள் அளவுக்கே அரிசி போட்டேன். நல்ல சோறு, கனகம். உன் சொல்லுப்படி ஒன்றையும் தொடவில்லை.

எல்லாரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிடாரத்துக்குள் பார்த்தால் சோறு அப்படியே கிடக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "பெடியளே, உப்புக் கூடிப்போச்சா?" என்றேன். அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தரிடமும் போனேன். "இன்னும் கொஞ்சம் போடவா? மிஞ்சிப்போச்சு மனே, கொஞ்சம் போடவா?" சமையற்காரப் புத்தி பார். மிஞ்சினால் சமையல் சரியில்லை என்றுதான் யோசித்தேன்.

அகஸ்ரின் வந்து என் கையிலிருந்து அகப்பையை வாங்கினார். "ஐயா, கிடாரத்தை மூடுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகுதான் விளங்கிற்று.

வாகீசனுக்கு அடிப்பிடித்த சோறு பிடிக்கும். சுரண்டித் தனியாக எடுத்து இலையில் வைத்திருந்தேன்.

லக்ஷன் சுகம்.

குஞ்சித்தம்பி


ரொறன்ரோ
10.09.1996

லக்ஷன் அப்பாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

இந்தக் கடிதத்தை நிருஜாவுக்கு நான் முழுதாக வாசிக்கவில்லை. நீங்கள் சாரத்தோடு ஓடினது மட்டும் வாசித்தேன். சிரித்தாள்.

பக்டரியில் அன்றைக்குப் பெல்ற் ஓடிக்கொண்டே இருந்தது, நான் அடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். மஃபின் எல்லாம் நிலத்தில் கொட்டுண்டு போனது. கிரேக்க மனிசி ஓடிவந்தாள். முதல்தரமாக அவள் சிரிக்கவில்லை. தன் கதிரையில் என்னை இருத்திவிட்டுத் தானே நின்று அடுக்கினாள். அவளும் ஏதோ சண்டையில் ஓடி வந்தவளாம், சின்ன வயதில். அவள் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கினது.

சோறு மிஞ்சினால் எறியவேண்டாம். தண்ணீர் ஊற்றி வையுங்கோ. விடிய வெங்காயமும் உப்பும் போட்டுப் பிசைந்து நடக்க முன்னம் கொடுங்கோ, வயிற்றுக்குக் குளிர்ச்சி. நான் என்ன எழுதுவது, எனக்குத் தெரிந்தது இதுதான்.

நல்ல செய்தி: உங்களுக்கு ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது. கொழும்பில் இன்ரவியூவுக்குக் கூப்பிடுவார்கள். அண்ணன் கொழும்பில் அறை எடுத்து வைத்திருக்கிறார். வவுனியாவுக்கு வந்துசேர்ந்தால் காணும், மிச்சத்தை அவர் பார்ப்பார். வந்துவிடுங்கோ. கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிடுங்கோ.

கனகாம்பிகை


15.10.1996

அன்புள்ள கனகத்துக்கு,

நீங்கள் சுகமென்று கடிதம் சொல்கிறது, நம்புகிறேன். எனக்கு மலேரியா வந்து போனது, திரும்ப வந்தது, இப்போது வாடகை கொடுக்காத ஆள்போல உள்ளேயே இருக்கிறது. நடுங்குகிற கையால் உப்புப் போட்டால் எல்லா இடமும் சமமாக விழுகிறது, அது ஒரு நன்மை.

மழை தொடங்கிவிட்டது. விறகு நனைந்து, ஒரு கிழமையாகப் பச்சை மாவும் சீனியும்தான். பெடியள் என்னைப் பகிடி பண்ணுவதை விட்டுவிட்டார்கள். அது நல்லதில்லை. சமையற்காரனைத் திட்டாத பட்டாளம் நடக்கமாட்டாது. நானே என் சமையலைத் திட்டிப் பார்த்தேன். ஒருத்தன் மட்டும், "பரவாயில்லை ஐயா" என்றான். பரவாயில்லையாம்! வாகீசன் இருந்திருந்தால் என்னைக் கிழித்திருப்பான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் கடிதங்களை எல்லாம் மழைக்குப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன், எடுத்து எடுத்து வாசிக்கிறேன். என் பிரஷரைக் கேட்கிறாய். அட்டையைக் கேட்கிறாய். லக்ஷனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கிறாய் இல்லை. பெற்றவளுக்கு ஒரு கேள்விகூட இல்லையா? நான் இங்கே அவனைப் பற்றி எழுதுவதற்காகத்தான் நாள்முழுக்க யோசித்து வைத்திருக்கிறேன். என்ன தின்றான், எந்த மரத்தடியில் படுத்தான், ஆரோடு பகிடி விட்டான் என்று. ஒன்றாவது கேளேன்.

ஸ்பொன்சர் விஷயம் தெரிந்தது. சத்தியத்தை மறக்கவில்லை. அவனோடுதான் வருவேன்.

குஞ்சித்தம்பி


ரொறன்ரோ
20.11.1996

லக்ஷன் அப்பாவுக்கு,

மலேரியாவுக்குக் குளிசையைப் பாதியில் நிற்பாட்டவேண்டாம், முழுதாக எடுங்கோ. நாங்கள் சுகம்.

நீங்கள் கேட்டதை வாசித்துவிட்டு இரண்டு கிழமை பேனையைத் தொடவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கிறபோது நான் இங்கே இருந்து என்ன கேட்பது என்று இருந்தேன்.

சரி, கேட்கிறேன். அவனுக்குக் குளிருதா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. ஜன்னலால் பார்க்க, கீழே ரோட்டில் போகிற பெடியள் எல்லாம் ஒரே மாதிரித் தொப்பி போட்டு, ஒரே மாதிரித் தோளைக் குறுக்கிக்கொண்டு போகிறார்கள். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் அவன்தான். அதனால் கேட்கிறேன். போர்வை இருக்கிறதா அவனுக்கு?

இவ்வளவுதான் என்னிடம் இருக்கிற கேள்வி. வேறு ஒன்றும் கேட்க வராது. திட்டவேண்டாம்.

நிருஜா இப்போது என் உயரம். நீங்கள் வந்தால் அடையாளம் தெரியாது உங்களுக்கு. அமிர்தநாதருக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது, முழுக் கட்டடமும் நேர்த்தி வைத்திருக்கிறது. உங்களை எயார்போட்டில் ஏற்ற அவர்தான் வருவாராம். பயப்படாமல் வாருங்கோ.

கனகாம்பிகை


வன்னி
22.12.1996

அன்புள்ள கனகத்துக்கு,

நீயும் நிருஜாவும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். நடை முடிந்துவிட்டது. கிடாரத்தை இறக்கி வைத்துவிட்டேன். தலை தானாக மேலே மிதக்கிறது, இனித் தொப்பி போடாமல் என்னால் நிற்க ஏலாது.

நீ கேட்டதற்குப் பதில்: அவனுக்குக் குளிரவில்லை. அதை நிச்சயமாகச் சொல்லுவேன். குளிரவே இல்லை.

இங்கே எங்கள் அணியைப் பிரித்துவிட்டார்கள். பிரிப்பதற்கு அவ்வளவு பேர் மிஞ்சியிருந்தோமா என்று கேட்காதே. இங்கத்தைய முகாமில் உண்மையான சமையற்காரர் ஒருத்தர் இருக்கிறார். அவர் இறைச்சிக் கறி வைத்தார். தின்றுவிட்டுப் பெடியள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன். "இவ்வளவு நாளும் எங்களுக்கு என்ன தந்தீங்கள் ஐயா?" என்று ஒருத்தன் கேட்டான். அப்பாடா, திட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம்.

அகஸ்ரின் என்னைக் கூப்பிட்டார். வவுனியாப் பக்கம் போகிற ட்ரக்டர் ஒன்று இருக்கிறது, பாஸ் எடுத்துத் தருகிறேன் என்றார். "ஐயா, காணும். வீட்டை போங்கோ" என்றார். நான் கேட்கவில்லை. "ஐயா, உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். எனக்கு என்ன தெரியும்? எனக்குச் சோறு காய்ச்சக்கூடத் தெரியாது. அந்தப் பெடியன் அழுதான், கனகம். பொறுப்பாளர். மீசை இப்போது முழுதாக வந்திருக்கிறது. அழும்போது மட்டும் பழையபடி ஆகிவிட்டது.

தை கடைசியில் இன்னொரு அணி வடக்குப் பக்கமாக நடக்கப்போகிறது. சண்டை நடக்கிற பக்கம். லக்ஷனை அதற்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடாரம் தூக்க ஆளில்லை. பெயர் கொடுத்துவிட்டேன். இந்தமுறை திரும்பி வருகிற கதையை ஒருத்தரும் கதைப்பதில்லை. அதனால் என்ன, சாப்பிடாமல் போகக்கூடாது தானே?

இன்ரவியூக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. அவனை விட்டுவிட்டு நான் எப்படி வருவது?

குஞ்சித்தம்பி


ரொறன்ரோ
19.01.1997

லக்ஷன் அப்பாவுக்கு,

சுகம் கேட்க இப்போது நேரமில்லை. இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற ஆளிடம் கொடுத்து விடுகிறேன். அண்ணன் அங்கிருந்து வவுனியா வழியாக எப்படியும் உங்களிடம் சேர்ப்பிப்பார். தைக் கடைசிக்கு முன் கிடைக்கவேணும் என்று எல்லாத் தெய்வத்தையும் கேட்டிருக்கிறேன். அன்ரனெற் தன் அந்தோனியாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் போகவேண்டாம். அந்த அணியோடு நீங்கள் போகவேண்டாம். கொடுத்த பெயரைத் திருப்பி வாங்குங்கோ. அந்தத் தம்பி அகஸ்ரினிடம் போய், பாஸ் தா என்று கேளுங்கோ. அவர் தருவார். ட்ரக்டரில் ஏறி வவுனியாவுக்கு வாருங்கோ. இன்ரவியூவில் அதிகாரி என்ன கேட்டாலும் பகிடி விடாமல் மறுமொழி சொல்லுங்கோ. சமைக்கத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கோ.

எனக்கு ஒருத்தரையும் காதைப் பிடித்து இழுத்து வரவேண்டாம். நீங்கள் வந்தால் காணும். நிருஜாவுக்கு நேற்றுத்தான் எல்லாம் சொன்னேன். இவ்வளவு நாளும் அவளுக்கு மறைத்த குற்றம் என்னுடையது. அவள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு வெளியில் வந்து, "அப்பாவும் போயிடுவாரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கவேண்டாம்.

போன வியாழக்கிழமை, நிருஜா பள்ளிக்கூடம் போன நேரம், இங்கே லக்ஷனுக்கு ஆண்டுத் திவசம் கொடுத்தேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். சாம்பிராணிப் புகைக்கு அலாம் அடித்து, அமிர்தநாதர் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார். அவர்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

நீங்கள் எழுத எழுத அவன் நடந்துகொண்டிருந்தான். நிற்பாட்ட எனக்கும் மனம் வரவில்லை.

இங்கத்தைய தமிழ்ப் பேப்பர் ஒன்றில் இயக்கப் பெயரோடு அவன் படம் வந்தது போன வருடம் மாசி மாதம், உங்கட முதல் கடிதத்தில் போட்டிருந்த திகதிக்கு முந்தின கிழமை.

கனகாம்பிகை